முப்பத்தொன்பது இலக்கங்கள்: ஒரு பகா எண்ணின் வரலாறு

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727

மேலே உள்ள எண்ணில் முப்பத்தொன்பது இலக்கங்கள் இருக்கின்றன. நூற்றிருபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இது. கணித மொழியில் 2¹²⁷ − 1. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இந்த எண் பகா எண்தான் என்று 1876ஆம் ஆண்டு எட்வார் லூகாஸ் என்ற பிரெஞ்சுக் கணித ஆசிரியர் அறிவித்தார். அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு உலகம் அறிந்த பகா எண்களில் இதுவே மிகப் பெரியது. கணக்கிடும் இயந்திரம் எதுவுமின்றி, தாளும் பேனாவும் பொறுமையும் மட்டும் கொண்டு மனிதர் எட்டிய பகா எண்களில் மிகப் பெரியது என்ற இடம் இன்றும் இதற்குத்தான்.

வகுபடாது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வகுத்துப் பார்த்துத்தானே அதைச் சொல்ல வேண்டும்? இந்த எண்ணின் வர்க்கமூலம் வரை உள்ள எண்களால் வகுத்துப் பார்ப்பதென்றால், அந்த எல்லையே ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடி கோடி. லூகாஸ் அப்படி ஒரு எண்ணாலும் வகுத்துப் பார்க்கவில்லை. ஆயினும் அவர் சொன்னது சரி. ஒரு எண்ணின் உள்ளே எட்டிப் பார்க்காமலேயே அதனுள் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா, அப்படிச் சொல்பவரை நாம் எதை வைத்து நம்புகிறோம் என்ற கேள்விதான் இந்த எண்ணின் வரலாறு முழுதும் ஓடுகிறது. சுவடிகளையும் பதிப்புகளையும் பாடபேதங்களையும் பற்றிப் பேசிப் பழகிய இலக்கிய வாசகர்களான நமக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல.

* * *

இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்கள் மீது இத்தனை ஆர்வம் ஏன் என்று முதலில் பார்த்துவிடுவோம். 6 என்ற எண்ணை 1, 2, 3 ஆகியவை வகுக்கும். இம்மூன்றையும் கூட்டினால் மறுபடியும் 6. இவ்வாறே 28ஐ வகுக்கும் 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 28. கிரேக்கர் இவற்றை நிறைவான எண்கள் என்று போற்றினர். அடுத்த இரண்டு 496, 8128. இத்தகைய எண்களை உண்டாக்கும் வழி யூக்ளிடின் ஒன்பதாம் நூலின் இறுதியில் இருக்கிறது: 2ⁿ − 1 என்ற வடிவிலுள்ள எண் பகா எண்ணாக அமைந்தால், அதை அதற்கு முந்தைய இரண்டின் அடுக்கால் பெருக்க, ஒரு நிறைவெண் கிடைக்கும். 3 × 2 = 6, 7 × 4 = 28, 31 × 16 = 496. ஆக, நிறைவெண்ணைத் தேடுபவர் இந்த வடிவிலுள்ள பகா எண்ணைத் தேட வேண்டியவராகிறார்.

n பகா எண்ணாக இல்லாவிட்டால் 2ⁿ − 1 பகா எண்ணாக இருக்க வாய்ப்பே இல்லை என்பது எளிதில் தெரியும். ஆனால் n பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது. 1536இல் அச்சான ஒரு நூலில் ரெஜியஸ் என்பவர் 2¹¹ − 1 = 2047 என்பது 23 × 89 எனப் பிரிவதைக் காட்டினார். எந்த அடுக்கில் பகா எண் கிடைக்கும், எதில் கிடைக்காது என்பதற்கு ஒழுங்கு எதுவும் புலப்படவில்லை. இன்றுவரையும் புலப்படவில்லை.

இந்த எண்களுக்கு இன்று வழங்கும் பெயர் மாரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவியுடையது. பாரிஸ் நகரத்து மடத்தில் தம் அறையில் இருந்தபடியே டெகார்த், ஃபெர்மா முதலியோருடன் இடையறாது கடிதத் தொடர்பு வைத்திருந்தவர் அவர். ஒருவர் கண்டதை மற்றவருக்கு எழுதுவார்; ஒருவருடைய ஐயத்தை இன்னொருவர் முன் வைப்பார். அறிவியல் இதழ்கள் தோன்றாத காலத்தில் ஐரோப்பிய அறிவுலகின் அஞ்சல் நிலையமாக இருந்தார் என்று அவரைச் சொல்வதுண்டு. 1644இல் வெளிவந்த தம் நூலொன்றின் முன்னுரையில் அவர் ஒரு பட்டியலைத் தந்தார். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கு மட்டுமே பகா எண் கிடைக்கும் என்பது அவர் கூற்று.

எப்படித் தெரிந்தது என்பதை அவர் சொல்லவில்லை. அதைவிட வியப்பு, பதினைந்து அல்லது இருபது இலக்கங்கள் கொண்ட ஒரு எண் பகா எண்ணா என்று அறியக் காலம் முழுவதும் போதாது என்றும் அவரே எழுதியிருக்கிறார் என்பது. அவர் பட்டியலின் கடைசி எண்ணுக்கு எழுபத்தெட்டு இலக்கங்கள். அவரிடம் ஏதோ ஒரு முறை இருந்திருக்க வேண்டும், அல்லது நல்ல ஊகம் இருந்திருக்க வேண்டும். பெரியவர் சொன்னது என்பதாலும், சரிபார்க்க வழியில்லை என்பதாலும் பட்டியல் நிலைத்தது.

பட்டியலில் ஐந்து பிழைகள் உண்டு. 67, 257 இரண்டும் இருந்திருக்கக் கூடாது. 61, 89, 107 மூன்றும் விடுபட்டுப் போயின. 67 என்பது 61 என்பதன் அச்சுப்பிழையாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் ஊகித்தார்கள். பாட்டில் தளை தட்டும்போது ஏடெழுதியவரைக் குறை சொல்லி மூலக் கவிஞரைக் காப்பாற்றும் உரையாசிரியர்களை நாம் அறிவோம்; அதே பரிவுதான் இதுவும். ஆனால் 89க்கும் 107க்கும் அந்தச் சமாதானம் உதவாது. ஐந்து பிழைகளையும் ஐயமறக் களைந்து, 257க்கு உட்பட்ட எல்லா அடுக்குகளையும் சரிபார்த்து முடிக்க உலகுக்கு மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன. அமெரிக்கரான ஹோரஸ் ஊலர் 1947 வாக்கில் எஞ்சியிருந்தவற்றை முடித்து வைத்தார்.

* * *

முதல் பெரிய அடி லெயோன்ஹார்ட் ஆய்லருடையது. 2³¹ − 1, அதாவது 2,147,483,647 பகா எண் என்று 1772இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அவர் தெரிவித்தார். இவ்வெண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 46,341. அதற்குள் நான்காயிரத்துக்கு மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுக்கத் தேவையில்லை என்பதே ஆய்லரின் நுட்பம். இவ்வடிவிலுள்ள எண்ணுக்குக் காரணி ஏதும் இருந்தால் அது கண்டபடி இருக்க முடியாது: 62ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும், 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இந்த இரு சல்லடைகளிலும் தங்குபவை நூற்றுக்கும் குறைந்த பகா எண்களே. அவற்றால் வகுத்துப் பார்த்தால் வேலை முடிந்தது.

ஆய்லரின் எண்ணைக் குறித்து ஆங்கிலக் கணிதர் பீட்டர் பார்லோ 1811இல் எழுதிய கருத்து பிற்காலத்தில் பெயர்பெற்றது. இதிலிருந்து உண்டாகும் நிறைவெண்ணே இனி என்றைக்கும் கண்டுபிடிக்கப்படும் நிறைவெண்களில் பெரியதாக இருக்கும் என்றார் அவர். இவையெல்லாம் வெறும் விநோதங்கள், எந்தப் பயனும் இல்லாதவை, ஆகவே இதற்கு மேல் தேட யாரும் முனையமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

பார்லோவின் தீர்ப்பில் பாதி நியாயம் இருந்தது. ஆய்லரின் சல்லடையை 2¹²⁷ − 1க்குப் பொருத்திப் பார்ப்போம். சலித்தபின் எஞ்சுபவை சுமார் 250 கோடி கோடி எண்கள். நொடிக்கு ஒரு வகுத்தல் என்று ஊணுறக்கமின்றிச் செய்தாலும் எண்பது கோடி ஆண்டுகள் ஆகும். வகுத்துப் பார்க்கும் பாதை அங்கே முடிந்துவிட்டது. வேறு பாதை வேண்டியிருந்தது.

* * *

எட்வார் லூகாஸ் 1842இல் அமியான் நகரில் பிறந்தவர். பாரிஸ் வானாய்வகத்தில் பணியாற்றினார். 1870இல் பிரஷ்யாவுடன் போர் மூண்டபோது பீரங்கிப்படை அதிகாரியாகச் சென்றார். போர் முடிந்தபின் மூலான் என்ற ஊரிலும் பிறகு பாரிஸிலும் உயர்நிலைப் பள்ளிகளில் கணிதம் கற்பித்தார். பெரிய பல்கலைக்கழகப் பீடம் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை.

அவரை ஈர்த்தது ஓர் எளிய எண்வரிசை. 1, 1, 2, 3, 5, 8, 13 என ஒவ்வொரு எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டாக வளர்வது. ஃபிபனாச்சி வரிசை என்று இதற்குப் பெயரிட்டு நிலைநாட்டியவரே லூகாஸ்தான். குறிலையும் நெடிலையும் கொண்டு ஒரு சந்த அடியை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணிய ஹேமசந்திரர் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இவ்வரிசையைக் கண்டிருந்தார் என்பது யாப்பில் ஆர்வமுள்ளவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இதே விதியில் 1, 3 என்று தொடங்கினால் 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று ஓர் உடன்பிறந்த வரிசை வரும். இன்று அதை லூகாஸ் வரிசை என்கிறோம். அதில் இரண்டாவது எண் 3, நான்காவது 7, எட்டாவது 47. ஒவ்வொன்றையும் தன்னோடு பெருக்கி இரண்டைக் கழித்தால் அடுத்தது வருகிறது: 3 × 3 − 2 = 7; 7 × 7 − 2 = 47. பகா எண்ணைச் சோதிக்கும் உரைகல் இதில் ஒளிந்திருப்பதை லூகாஸ் கண்டார்.

அந்தச் சோதனையைச் சிறிய எண் ஒன்றில் நாமே செய்து பார்க்கலாம். 2⁷ − 1 = 127. மூன்றில் தொடங்குவோம். ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, 127ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். 3, பிறகு 7, பிறகு 47. நாற்பத்தேழின் வர்க்கத்தில் இரண்டு குறைந்தால் 2207, மீதி 48. அடுத்து 2302; மீதி 16. அடுத்து 254, மீதி பூஜ்யம். அடுக்கு 7 என்பதால் ஆறாவது எண் பூஜ்யமாக வேண்டும், வந்துவிட்டது. 127 பகா எண்.

இனி 2047. மீதிகள் இப்படி வருகின்றன: 3, 7, 47, 160, 1034, 620, 1609, 1471, மறுபடியும் 160, மறுபடியும் 1034. அடுக்கு 11 என்பதால் பத்தாவது எண் பூஜ்யமாகியிருக்க வேண்டும். அது 1034. வரிசை செக்குமாடு போல் ஒரே வட்டத்தில் சுற்றத் தொடங்கிவிட்டது. இனி எவ்வளவு தூரம் போனாலும் பூஜ்யம் வராது. ஆகவே 2047 பகா எண் அல்ல. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 23, 89 என்ற காரணிகள் இந்தக் கணக்கில் எங்கும் தலைகாட்டவே இல்லை. எண் உடையும் என்று தெரிந்துவிட்டது. எங்கே உடையும் என்று தெரியவில்லை.

பூஜ்யம் வந்தால் பகா எண் என்பது ஏன்? நுணுக்கங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் சொல்லலாம். எந்த எண்ணால் வகுத்து மீதிகளை எடுத்தாலும் அம்மீதிகள் ஒரு வட்டத்தில் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். சிறிய எண்ணால் வகுத்தால் வட்டமும் சிறியது. குறித்த இடத்தில் பூஜ்யம் வருகிறதென்றால், பின்னணியில் இயங்கும் சுழற்சியின் நீளம், சோதிக்கப்படும் எண்ணைவிடச் சரியாக ஒன்று அதிகம் என்று காட்டலாம். எண்ணுக்குக் காரணி இருந்தால், மிகச் சிறிய காரணி வர்க்கமூலத்தைத் தாண்டாது. அந்தக் காரணியின் மீதிகளுக்குள் அவ்வளவு நீண்ட சுழற்சிக்கு இடமே கிடையாது. இடமில்லாத வீட்டில் அவ்வளவு பெரிய கூட்டம் தங்கியிருக்க முடியாதல்லவா? எனவே அப்படியொரு காரணி இல்லை.

மூன்றில் தொடங்கும் இந்தச் சோதனை, அடுக்கை நான்கால் வகுக்க மூன்று மீதி வரும் இடங்களில் செல்லும். 127 அத்தகையது. எண்பது கோடி ஆண்டு வகுத்தல் வேலை, நூற்றிருபத்தைந்து வர்க்கப்படுத்தல்களாகச் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு படியும் முப்பத்தொன்பது இலக்க எண்ணை அதனோடு பெருக்கி, மீண்டும் முப்பத்தொன்பது இலக்க எண்ணால் வகுப்பது. கடும் உழைப்புதான். ஆனால் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கும் உழைப்பு.

இந்த உழைப்பையும் குறைக்க லூகாஸ் ஒரு வழி சொன்னார். எண்களை 0, 1 என்ற இரு குறிகளால் மட்டும் எழுதும் இரும முறையில் 2¹²⁷ − 1 என்பது நூற்றிருபத்தேழு ஒன்றுகளின் வரிசை. அதனால் வகுத்து மீதி காண வகுத்தலே வேண்டாம்: இடப்பக்கம் நூற்றிருபத்தேழாவது கட்டத்தைத் தாண்டி வழியும் எதுவும் வலப்பக்க முதல் கட்டத்தில் மறுபடி நுழைந்தால் போதும். சதுரங்கப் பலகை போல் வரிசைக்கு 127 கட்டங்கள் கொண்ட பலகையில் காய்களை நகர்த்தியே இக்கணக்கைச் செய்யலாம் என்று அவர் விவரித்திருக்கிறார். ஒரு கட்டத்தில் இரண்டு காய்கள் சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு இடப்பக்கத்தில் ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவே. கணிப்பொறி தோன்ற இன்னும் எழுபது ஆண்டுகள் இருந்தபோது, அதன் கணக்கு முறையை ஒருவர் விளையாட்டாக வர்ணித்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டு அவருக்கு வெறும் உவமையன்று. ஹனோய் கோபுரம் என்ற புதிரை 1883இல் உலகுக்குத் தந்தவரும் அவரே. மூன்று கம்பங்கள், சிறிதும் பெரிதுமாகத் தட்டுகள். சிறியதன் மேல் பெரியது ஏறாமல் அனைத்தையும் ஒரு கம்பத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். லி-சூ-ஸ்தியான் கல்லூரிப் பேராசிரியர், சயாமின் க்ளாஸ் என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். பிரெஞ்சு எழுத்துகளை இடம் மாற்றினால் அது அமியானின் லூகாஸ் என்றும், கல்லூரியின் பெயர் அவர் பணியாற்றிய சேன் லூயி பள்ளி என்றும் ஆகும். காசியில் ஒரு கோயிலில் அறுபத்து நான்கு பொற்றட்டுகளைப் பிராமணர்கள் இரவும் பகலும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், மாற்றி முடித்ததும் உலகம் அழியும் என்ற கதையும் புதிரோடு சேர்ந்து பரவியது. காசியில் அப்படியொரு கோயில் இல்லை. பாரிஸ் நகரத்துக் கற்பனைதான். ஆனால் கணக்கு உண்மை. n தட்டுகளை மாற்ற 2ⁿ − 1 நகர்த்தல்கள் வேண்டும். அறுபத்து நான்கு தட்டுகளுக்கு, நொடிக்கு ஒன்றாக, ஐம்பத்தெட்டாயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தட்டுகள் நூற்றிருபத்தேழு என்றால், நகர்த்தல்களின் எண்ணிக்கை நம் பகா எண்ணேதான்.

லூகாஸ் 1891இல் இறந்தார். விருந்தொன்றில் பணியாளர் கைதவறிப் போட்ட தட்டிலிருந்து தெறித்த சில்லு கன்னத்தில் கீறியது. புண் சீழ்ப்பிடித்துச் சில நாட்களில் உயிரைக் கொண்டுபோயிற்று. வயது நாற்பத்தொன்பது. அவருடைய நிரூபணங்களில் இடைவெளிகள் இருந்தன. 1914இல் ஃபோகாம்பெர்க் என்ற பிரெஞ்சுக்காரர் 2¹²⁷ − 1ஐ மீண்டும் கணக்கிட்டு உறுதிசெய்தார். 1930இல் அமெரிக்கரான டி. எச். லெமர் சோதனையை எல்லா அடுக்குகளுக்கும் பொருந்துமாறு, நான்கில் தொடங்கும் வடிவில், முழு நிரூபணத்துடன் அமைத்தார். லூகாஸ்-லெமர் சோதனை என்று இன்றும் வழங்குவது அதுதான்.

* * *

1876இலேயே லூகாஸ் இன்னொன்றையும் சொல்லியிருந்தார். மெர்சென் பகா எண் என்று எழுதிய 2⁶⁷ − 1 உண்மையில் பகு எண். ஆனால் 2047இல் நாம் கண்டதைப் போலவே, காரணிகள் எவை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

காரணிகள் இருபத்தேழு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தன. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகைக்குச் சென்று 2⁶⁷ − 1 என்ன என்று கணக்கிட்டு எழுதினாராம்: 147,573,952,589,676,412,927. பலகையின் மறுபாதியில் 193,707,721 × 761,838,257,287 என்று எழுதி, பள்ளி மாணவனைப் போல வரிவரியாகப் பெருக்கினாராம். இரண்டு விடைகளும் ஒன்றாயின. கோல் மௌனமாகவே போய் அமர, அவை எழுந்து கைதட்டியதாம். எத்தனை காலம் பிடித்தது என்று பின்னாளில் கேட்டதற்கு, மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். இத்தனை ‘ஆம்’களுக்குக் காரணம், இந்தக் காட்சியை நமக்குத் தருபவர் எரிக் டெம்பிள் பெல் என்பதுதான். கதையின் சுவைக்காகத் தகவலைச் சற்றே வளைக்கத் தயங்காதவர் அவர். கோலின் காரணிகளுக்கோ எவருடைய சாட்சியமும் தேவையில்லை. பெருக்கத் தெரிந்த யாரும் ஒரு மாலைப் பொழுதில் சரிபார்த்துவிடலாம்.

லூகாஸின் அறிவும் கோலின் அறிவும் இரு வகை. கோல் காட்டியதைக் கேட்பவர் தம் கையாலேயே சோதிக்கலாம். லூகாஸ் சொன்னதைச் சோதிக்க அவர் நடந்த வழி முழுவதையும் மீண்டும் நடக்க வேண்டும். இடையில் ஒரே ஓர் இலக்கம் பிழைத்தாலும் முடிவு பொருளற்றுப் போகும். பகு எண்ணுக்குக் காரணி என்றொரு சாட்சி உண்டு. பகா எண்ணுக்கு அப்படிக் கையில் எடுத்துக் காட்டக்கூடிய சாட்சி எளிதில் அமைவதில்லை. இல்லாமையை நிறுவுவது எந்தத் துறையிலும் கடினம்தானே!

அதனால்தான் மெர்சென் பட்டியலைத் திருத்தியவர்களின் உழைப்பு நம்மை நெகிழ வைக்கிறது. 1883இல் 2⁶¹ − 1 பகா எண் என்று கண்டவர் யூரல் மலைப் பகுதியில் வாழ்ந்த இவான் பெர்வூஷின் என்ற பாதிரியார். 1911இல் 89ஆம் அடுக்கையும், 1914இல் 107ஆம் அடுக்கையும் பகா எண்கள் என நிறுவிய ரால்ஃப் பவர்ஸ் அமெரிக்க ரயில் நிறுவனமொன்றில் ஊழியர். பிழைப்பு வேறு, இந்த வேலை வேறு. பயனில்லாததை யாரும் தேடமாட்டார்கள் என்ற பார்லோ, இத்தகைய மனிதர்களைக் கணக்கில் சேர்க்கத் தவறிவிட்டார்.

மெர்சென் பட்டியலின் கடைசி எண்ணான 2²⁵⁷ − 1 பகா எண் அல்ல என்று லெமர் நிறுவியதற்கு மேசைக் கணக்குப்பொறியின் உதவியோடும் எழுநூறு மணி நேரம் ஆனது. 1952இல் ரஃபேல் ராபின்சன் லூகாஸ்-லெமர் சோதனையை லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஸ்வாக் என்னும் மின்னணுக் கணிப்பொறிக்கு ஏற்ற நிரலாக எழுதினார். பொறியை நேரில் பாராமல், கையேட்டை மட்டும் படித்து அவர் எழுதிய நிரல் அது. வெள்ளோட்டமாக லெமரின் எண்ணைக் கொடுத்தபோது, பொறி நாற்பத்தெட்டு நொடிகளில் அதே விடையைச் சொன்னது. பகு எண் என்று லெமர் காட்டிய அந்த எண்ணின் முதல் காரணி கிடைத்தது 1970களின் இறுதியில்தான்.

லூகாஸின் எண் 1951இலேயே முதலிடத்தை இழந்திருந்தது. அவ்வாண்டு ஃபெரியே மேசைக் கணக்குப்பொறி கொண்டு நாற்பத்து நான்கு இலக்கப் பகா எண்ணொன்றைக் கண்டார். கேம்பிரிட்ஜின் எட்சாக் கணிப்பொறியில் மில்லரும் வீலரும் எழுபத்தொன்பது இலக்க எண்ணொன்றைக் கண்டார்கள். அவர்கள் எண்ணின் அமைப்பைச் சொன்னால் வியப்பாக இருக்கும்: 2¹²⁷ − 1ஐ வர்க்கப்படுத்தி, 180ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டியது. பழைய அரசனின் தோள்மேல் ஏறித்தான் புதியவன் முடிசூடினான். 1952 ஜனவரி 30 அன்று ஒரே இரவில் ராபின்சனின் நிரல் 2⁵²¹ − 1, 2⁶⁰⁷ − 1 இரண்டையும் பகா எண்கள் என்று அறிவித்தது. முதலாவதற்கு 157 இலக்கங்கள், அடுத்ததற்கு 183.

* * *

1996 முதல் இணையம் வழியே ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தங்கள் கணிப்பொறிகளின் ஓய்வு நேரத்தை இந்தத் தேடலுக்குத் தந்து வருகிறார்கள். 2024 அக்டோபரில் அவ்வாறு கிடைத்த பகா எண்ணின் அடுக்கு 136,279,841. அதற்கு 41,024,320 இலக்கங்கள். அச்சிட்டால் நூலகமொன்றில் பல அலமாரிகளை அடைத்துக்கொள்ளும். முதலில் வேறொரு விரைவுச் சோதனை இதைப் பெரும்பாலும் பகா எண் என்று இனங்காட்டியது. பின்னர் வெவ்வேறு நிரல்களும் வெவ்வேறு வன்பொருள்களும் லூகாஸ்-லெமர் சோதனையைத் தனித்தனியே நடத்தி ஒரே விடையைத் தந்த பிறகே அறிவிப்பு வெளியானது. ஃபோகாம்பெர்க் லூகாஸுக்குச் செய்த பணியை இன்று ஓர் இயந்திரம் இன்னோர் இயந்திரத்துக்குச் செய்கிறது. அது மட்டுமன்று. ஒரு தன்னார்வலரின் கணிப்பொறி வழி தவறாமல் கணக்கிட்டதா என்பதை, முழுக் கணக்கையும் மறுபடி செய்யாமல், சிறு பகுதி உழைப்பிலேயே சோதிக்கக்கூடிய சான்றிதழை உடன் அனுப்பும் முறையும் இப்போது வந்துவிட்டது. லூகாஸின் அறிவுக்கும் கோலின் அறிவுக்கும் இடையே இருந்த பள்ளத்தின் மேல் ஒரு பாலம் போடப்பட்டிருக்கிறது என்று இதைச் சொல்லலாம்.

பயனில்லை என்ற தீர்ப்பும் பொய்த்தது. ராபின்சனின் 2⁵²¹ − 1 இன்று இணையத்தில் செய்திகளை மறையாக்கம் செய்யும் நியமங்களுள் ஒன்றின் அடித்தளம். லூகாஸின் 2¹²⁷ − 1ஐ அடித்தளமாகக் கொண்ட மறையாக்க முறை ஒன்று 2015இல் முன்வைக்கப்பட்டது. இவ்வெண்களைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணம் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்: இடப்பக்கம் வழிவதை வலப்பக்கம் சேர்த்தால் மீதி கிடைத்துவிடும். லூகாஸின் பலகையும் காய்களும் இன்று சில்லுகளுக்குள் நகர்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் இந்த எண் விடை தெரியாத ஒரு கேள்வியை மிச்சம் வைத்திருக்கிறது. இரண்டிலிருந்து தொடங்குவோம். 2² − 1 = 3, பகா எண். 2³ − 1 = 7, பகா எண். 2⁷ − 1 = 127, பகா எண். அந்த 127ஐ அடுக்காக்கினால் நம் முப்பத்தொன்பது இலக்க எண். அதுவும் பகா எண். இந்தச் சங்கிலியை லூகாஸ் அறிவித்த அதே 1876இல் கத்தலான் என்ற கணிதர் சுட்டிக்காட்டினார். அடுத்த கண்ணி, நம் எண்ணையே அடுக்காகக் கொண்டது. அதன் இலக்கங்களின் எண்ணிக்கையை எழுதவே முப்பத்தெட்டு இலக்கங்கள் வேண்டும். லூகாஸ்-லெமர் சோதனையை அதற்குச் செய்ய நினைத்தால், வேண்டிய படிகள் ஏறத்தாழ இந்தக் கட்டுரையின் முதல் வரியில் இருக்கும் எண் அளவு. சிறு காரணி ஏதாவது அகப்படுமா என்று தேடியவர்களுக்கும் இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.

இந்த ஓர் எண்ணைப் பொறுத்தமட்டில் நாம் 1644இல் மெர்சென் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். ஆம் என்று ஊகிக்கலாம், அல்ல என்று ஊகிக்கலாம். காலம் முழுவதும் போதாது என்று அவரைப் போலவே எழுதியும் வைக்கலாம். பதினைந்து இருபது இலக்கங்களுக்கே போதாது என்று அவர் எழுதிய காலம், முப்பத்தொன்பது இலக்கங்களைப் பொறுத்தவரை ஒரு பள்ளி ஆசிரியருக்குப் போதுமானதாக இருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைப்பது நல்லது.